கண்டக்டர் தோளுக்கு ஒரு முதுகுப்பை

இருபத்தொன்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். சங்கரன்கோவிலில் ஏறுவேன், ராஜபாளையத்தில் இறங்குவேன். ராஜபாளையத்தில் ஏறுவேன், சங்கரன்கோவிலில் இறங்குவேன். கிலோமீட்டரைக் கூட்டிப் பார்த்தால் பூமியைப் பல தடவை சுற்றியிருப்பேன். பார்த்தது என்னவோ புளியங்குடியும் வாசுதேவநல்லூரும்தான். ரிட்டயராகி வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னை, சுவிட்சர்லாந்தில் நர்ஸாக இருக்கிற என் ஒரே மகள் கோமதி போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, ஆடி முடிஞ்சதும் இங்க வாரிய. லீவு சொல்லிட்டேன். தெனமும் காலைல ஒரு மலை ஏறி சாயங்காலம் எறங்குதோம், அவ்வளவுதான். நல்ல பை ஒன்னு வாங்கிக்கிடுங்க. முதுகுல மாட்டுத பை. மஞ்சப்பையைத் தூக்கிட்டு வந்தியன்னா ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிருவேன்."

அது வரைக்கும் சந்தோஷம்தான். போனை வைக்கும்போது ஒன்று சொன்னாள் பாருங்கள். "உங்க தோள் வலிச்சா சொல்லிருங்கப்பா. நீங்க வெறுங்கையா வாங்க. உங்க சாமானையும் நானே தூக்கிக்கிடுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போன காலத்தில் நான் முதல் ட்ரிப்புக்கு இருட்டோடு கிளம்பிவிடுவேன். திரும்பி வரும்போது தூங்கியிருப்பாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூடக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை. இப்போதுதான் முதல் முதலாக ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கப் போகிறோம். அதிலும் என் சோத்து மூட்டையை அவள் முதுகில் ஏற்றவா? நடக்காது. என் பையை நானே தூக்குவேன், இல்லையென்றால் போகவே மாட்டேன் என்று என் மனைவி செல்லம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

"வாய் மட்டும் குறையல" என்றாள் அவள்.

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. கண்டக்டர் பையை இத்தனை வருஷமும் இடது தோளில் மாட்டி மாட்டி, அந்தத் தோள் வலது தோளைவிட ஒரு விரல் கீழே இறங்கிவிட்டது. கடைசி ரெண்டு வருஷத்தில் கழுத்திலிருந்து ஒரு இழுப்பும் சேர்ந்துகொண்டது. காய்கறிப் பையை மாட்டினால் கூடக் கால் மணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். திருநெல்வேலி டாக்டர், "பையே மாட்டாதீங்க சார், தீர்ந்துச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊருக்குக் கிளம்ப மூன்று வாரம் இருந்தது.

முதல் நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் மைதீன் பாய் கடைக்குப் போனேன்.

"வாங்க அண்ணாச்சி. பேத்திக்கு ஸ்கூல் பேக்கா?"

"எனக்குத்தான் பாய். மலை ஏறப் போறேன்."

"சதுரகிரிக்கா?"

"சுவிட்சர்லாந்துக்கு."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அங்கன என்ன கோயில்?" என்றார்.

விளக்கிச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஏணி போட்டுப் பைகளை இறக்கினார். "எத்தனை லிட்டர் வேணும்?"

"லிட்டரா? எண்ணெயா ஊத்தப் போறேன்?"

"பையை இப்போ லிட்டர்லதான் சொல்லுதாவ அண்ணாச்சி. காலைல போய்ட்டு சாயங்காலம் வாரதுக்கு இருபது, இருபத்தஞ்சு லிட்டர் போதும். அதுக்கு மேல வாங்கினா, எடம் இருக்கேன்னு வீட்டையே அடைச்சுருவிய."

இதை மட்டும் அவர் சரியாகச் சொன்னார். மீதியில் நான்தான் கோட்டை விட்டேன். கண்டக்டர் கண் எதைப் பார்க்கும்? அறையைப் பார்க்கும். பதினோரு ஜிப் வைத்த கறுப்புப் பை ஒன்று கிடைத்தது. டிக்கெட்டுக்கு ஒன்று, பேனாவுக்கு ஒன்று, விசிலுக்கு ஒன்று என்று மனசு தானாகப் பங்கு போட்டுவிட்டது. மாட்டிப் பார்த்தேன், கனமே தெரியவில்லை. இதுதான் பை என்று தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செல்லம்மாள் ஜிப்பைத் திறந்தாள். உள்ளேயிருந்து கசக்கிய பேப்பராக எடுத்து எடுத்துப் போட்டாள். முற்றமெல்லாம் பேப்பர். "ஏங்க, காயிதம் அடைச்ச பையை மாட்டிப் பாத்துட்டு, கனமில்லைன்னு வாங்கிட்டு வந்தியளா? அங்க போயும் காயிதத்தைத்தான் சுமக்கப் போறியளா?"

ரோஷம் வந்துவிட்டது. அஞ்சு கிலோ அரிசி, ரெண்டு பாட்டில் தண்ணீர், போதாததற்குக் கொல்லையில் கிடந்த செங்கல் ரெண்டு. எல்லாவற்றையும் உள்ளே போட்டு மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன்.

அது ஆடித்தபசுத் திருவிழா நேரம். கொடியேறிவிட்டால் எங்கள் ஊர் ஜனம் நடக்க ஆரம்பித்துவிடும். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் இருக்கிறாள், அந்தக் கால்வலியில் கொஞ்சத்தை நாமும் வாங்கிக்கொள்வோம் என்று நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என நேர்ந்துகொண்டு கோயிலைச் சுற்றுவார்கள். ஆடிச் சுற்று என்று பெயர். நடந்து பழகினது மாதிரியும் ஆச்சு, அம்மனைச் சுற்றினது மாதிரியும் ஆச்சு என்பது என் கணக்கு.

வாசலிலேயே போலீஸ்காரம்மா நிறுத்திவிட்டாள். "பைக்குள்ள என்ன?"

"அரிசி, தண்ணி, செங்கல்."

"செங்கலா? நேர்த்திக்கடனா?"

"இல்லம்மா. சுவிட்சர்லாந்து."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பாவம், யார் பெற்ற பிள்ளையோ, காலையிலிருந்து வெயிலில் நிற்கிறாள். "செங்கல் இங்கன இருக்கட்டும் சார். போகும்போது வாங்கிக்கிடுங்க" என்று எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டாள்.

சுற்ற ஆரம்பித்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். "என்ன அண்ணாச்சி, வீட்ல சண்டையா? மூட்டை முடிச்சோட கெளம்பிட்டிய?" என்று ஆளுக்கொரு கேள்வி. பதில் சொல்லிக்கொண்டே நடந்ததில் மூன்றாவது சுற்றில்தான் கவனித்தேன், சுண்டுவிரல் மரத்துவிட்டது. பார்த்தால் வலது பட்டையை எப்போதோ கழற்றிவிட்டிருக்கிறேன். பை மொத்தமும் இடது தோளில் தொங்குகிறது. கை தானாகப் பையின் வாயைத் தடவிக்கொண்டிருக்கிறது. ரெண்டு தோளிலும் மாட்டுவேன், பத்தடி போவதற்குள் ஒரு தோளுக்கு வந்துவிடும். எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. அப்படியே ஒரு தூணில் சாய்ந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, இப்படியே சுத்தினா கை விளங்காமப் போயிரும்" என்று பின்னால் ஒரு குரல். எங்கள் தெருவில் நைட்டி தைக்கிற சண்முகத்தாய். முப்பத்தைந்து வயசு இருக்கும். ஐந்நூற்றியொன்று சுற்றுவதாக நேர்ந்திருந்தாள். "உங்க பின்னாலயே ரெண்டு சுத்தா வாரேன். உங்களைப் பாத்துப் பாத்து எனக்கு எண்ணிக்கையே விட்டுப்போச்சு. பை முதுகுலயா இருக்கு? இடுப்புக்குக் கீழ தொங்குது. கனம் பூராவும் தோள்ல இழுக்கு."

"தோள்ல தூக்குததுக்குத்தானம்மா பை?"

"யாரு சொன்னா? நீங்க என்னைக்காவது தண்ணிக் கொடம் தூக்கியிருக்கியளா?"

இல்லை என்றேன்.

"அதான பாத்தேன். கொடத்தை இடுப்பெலும்புல உக்கார வச்சிட்டா, கை சும்மா அணைச்சுக்கிட்டுத்தான் இருக்கும். ரெண்டு தெரு தள்ளி இருக்க கொழாய்ல இருந்து அப்படித்தான் கொண்டாருவோம். தோள்ல வச்சுக் கொண்டாரச் சொல்லுங்க பாப்போம். கொடம் தூக்காத ஆம்பளையளுக்குப் பை வாங்க எங்க தெரியும்!"

சுற்றிலும் நாலு பொம்பளைகள் சிரித்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது மண்டையில் பளிச்சென்று ஏறிவிட்டது.

மறுநாள் காலையில் சண்முகத்தாய் இஞ்ச் டேப்போடு வந்தாள். தலையைக் குனியச் சொல்லி, பின்கழுத்தில் துருத்துகிற எலும்பில் டேப்பின் நுனியை வைத்தாள். செல்லம்மாள் இடுப்பெலும்பின் மேல்முனையைத் தொட்டுக் காட்ட, அது வரைக்கும் இழுத்தாள். "பதினேழு இஞ்ச். ஆள் என்னவோ ஆறடி, முதுகு என் வீட்டுக்காரர் முதுகைவிடச் சின்னது. மீதியெல்லாம் காலு. ஆளைப் பாத்துப் பெரிய பையைக் குடுத்திருக்காரு பாய். முதுகைப் பாத்துல்லா குடுக்கணும்?"

மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். கூடவே அஞ்சு கிலோ அரிசி.

"பைக்குள்ள அரிசியைப் போட்டுப் பாத்தா வாங்குவாவ?" என்று பாய் முதலில் முகத்தைச் சுளித்தார். சண்முகத்தாய் விடவில்லை. ஒவ்வொரு பையாக அளந்தாள். கடைசியில் பரணிலிருந்து ஒன்று வந்தது. கனகாம்பரக் கலர். இடுப்பில் மெத்தை வைத்த பெல்ட், நெஞ்சுக்கு ஒரு சின்னப் பட்டை, முதுகில் காற்றுப் போக வலை. "இது கெடக்கு ரெண்டு வருஷமா. இடுப்புல பெல்ட் எதுக்கு, அறுத்துப் போட்டுட்டுத் தாங்கன்னு கேக்காவ" என்றார் பாய்.

எண்ணிப் பார்த்தேன். மூன்றே மூன்று அறை. கலரும் பிடிக்கவில்லை. "நான் என்ன கரகாட்டத்துக்கா போறேன்?" என்றேன்.

"வாயை மூடிட்டு மாட்டுங்க" என்றாள் செல்லம்மாள்.

அரிசியைப் போட்டார்கள். பட்டையெல்லாம் தளர்த்திவிட்டு, முதலில் பெல்ட்டை இடுப்பெலும்பில் உட்கார வைத்து டக்கென்று பூட்டினாள் சண்முகத்தாய். அதற்கப்புறம்தான் தோள்பட்டையை இழுத்தாள். இடது பட்டையை ஒரு விரற்கடை கூடுதலாகவே இழுத்து, என் கோணலுக்குச் சரிக்கட்டினாள். கடைசியாக நெஞ்சுப் பட்டை. அதைப் போட்ட பிறகு ஒற்றைத் தோளுக்கு மாற்ற வழியே இல்லை. என் கை பழக்கதோஷத்தில் ரெண்டு தடவை தேடிவிட்டுச் சும்மா இருந்துகொண்டது.

அரை மணி நேரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொல்லிவிட்டேன். "கண்ணுக்கு எட்டுத தூரத்துலயே நடங்க அண்ணாச்சி" என்றார் பாய். அவர் கவலை அவருக்கு. கடை வாசலிலிருந்து முக்கு வரைக்கும் போவதும் வருவதுமாக நடந்தேன். பஜாரே வேடிக்கை பார்த்தது. அரை மணி நேரம் கழித்து இடது கையைத் தூக்கி அஞ்சு விரலையும் ஆட்டிக் காட்டினேன். சுண்டுவிரல் ஆடியது. பாய் கறுப்புப் பையைத் திருப்பி எடுத்துக்கொண்டார், நல்ல மனுஷன்.

ஆனாலும் கடை வாசலும் மலையும் ஒன்றா? அந்த வாரமே ஒரு நாள் காலையில், பழைய ரூட்டில், பயணியாக வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினேன். இறங்கும்போது வந்தது வினை. பூட்டாமல் தொங்கின இடுப்புப் பெல்ட் சீட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. நான் படியில், பை பஸ்ஸில். டூட்டியில் இருந்தவன் என்னிடம் வேலை பழகின முருகேசன். விசிலை வாயில் வைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, ரைட் குடுக்கவா, இல்ல பஸ்ஸையும் கையோட கூட்டிட்டுப் போறியளா?" என்று கேட்டான். படியில் தொங்காதே, பையை உள்ளே வை என்று எத்தனை பேரை நான் சத்தம் போட்டிருப்பேன்! பஸ் முழுக்கச் சிரித்தது.

குளத்துக் கரையில் ஏறி மேற்கே மலையடிவாரம் பார்த்து நடந்தேன். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரு வேப்பமர நிழலில் தயிர்ச்சாதத்தைத் திறந்தால், டப்பா நசுங்கித் தயிர் பூராவும் துண்டில். தண்ணீர் பாட்டிலை அதன் தலையில் வைத்தது நான்தான். கனத்தை முதுகை ஒட்டி, நடுவில் வைக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். துண்டில் ஒட்டினது போக மிச்சத்தை மோர் மிளகாயோடு சாப்பிட்டேன். அப்படி ருசித்தது. மூன்று மணி நேரமும் விரல் மரக்கவில்லை. திரும்பி வந்து கோமதிக்குப் போன் போட்டேன்.

"என் சாமானை நானே தூக்குதேன். நீ உன் சோலியைப் பாரு."

"சரிப்பா, சரிப்பா" என்று சிரித்தாள்.

தபசு முடிவதற்குள் நூற்றியொன்று சுற்றும் முடித்தேன். கிளம்புகிற அன்று செல்லம்மாள், வலி அண்டாது என்று கோயில் புற்றுமண்ணை என் தோளில் பூசிவிட்டாள். முட்டிவலியால் அவளால் வர முடியவில்லை. "புள்ளைகிட்ட வள்ளுன்னு விழாதிய" என்றாள். சண்முகத்தாய் தன் இஞ்ச் டேப்பை மேல் அறையில் போட்டுவிட்டு, "பட்டை தளர்ந்துட்டா அளந்து இழுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள்.

ஏரோப்ளேன் கதையெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நேரே மலைக்கு வருகிறேன்.

முதல் நாள் மலையடிவாரத்துக்கு மஞ்சள் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் கிடையாது. எனக்கு உட்காரவே மனசு வரவில்லை. பின்படி ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து என்னவோ சொன்னார். "காலி சீட் இருக்கு, அந்தப் பெரியவர் ஏன் நிக்காருன்னு கேக்காரு" என்றாள் கோமதி. "எல்லாரும் ஏறியாச்சான்னு பாக்கேன்னு சொல்லு" என்றேன். அதை அவள் சொன்னாளோ என்னவோ, டிரைவர் சிரித்தார். பெல்ட்டைப் பூட்டிக்கொண்டுதான் இறங்கினேன்.

அங்கே வழிகாட்டிப் பலகையில் தூரம் போடுவதில்லை, நேரம் போடுகிறார்கள். இந்த ஊருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் என்று எழுதியிருந்தால் ஒன்றே முக்கால்தான். நம் பக்கம் யாரிடம் கேட்டாலும், "இந்தா, பக்கத்துலதான்" என்பார்கள், நடந்தால் பொழுது சாய்ந்துவிடும். எதிரே வருகிற ஒவ்வொருத்தரும் வணக்கம் சொல்கிறார்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் எங்கே போறிய, என்ன விஷயம் என்று ஒருத்தர் கேட்கவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

சாப்பாட்டுக்கு ரொட்டி, சீஸ். ரொட்டி விறகு மாதிரி. சீஸ் வாசனையை இங்கே எழுத வேண்டாம். செல்லம்மாள் கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியை அந்த ரொட்டியில் தூவி, எண்ணெய் விட்டுத் தின்றேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்த எண்பது வயசு அம்மாள் ஒருத்தி கை நீட்டிக் கேட்டு வாங்கித் தின்றாள். இருமினாள். மறுபடியும் கேட்டாள். போகும்போது என் பையைத் தட்டி ஏதோ சொன்னாள். "கலர் பிரமாதம், மேகம் எறங்கினாலும் நீங்க தொலைய மாட்டியளாம்" என்றாள் கோமதி. இதைப் பாய் காதால் கேட்டிருக்க வேண்டும்.

முதல் ரெண்டு நாளும் கோமதி என்னை முன்னால் விட்டு, பின்னால் வந்தாள். "சறுக்கினா புடிச்சுக்கிடுதேன்" என்பாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "விரல் எப்படி இருக்கு?" என்பாள். நான் திரும்பாமலே கையைத் தூக்கி அஞ்சையும் ஆட்டுவேன். என் பையும் என் காலும்தான் எனக்கு நினைப்பு. அவளை நான் எங்கே பார்த்தேன்?

மூன்றாம் நாள் ஏற்றம் செங்குத்து. மேலே ஒரு மரத்தொட்டியில் ஊற்றுத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "நீங்க மெதுவா வாங்க, நான் பாட்டிலை ரொப்புதேன்" என்று கோமதி என்னைத் தாண்டி முன்னால் போனாள். அப்போதுதான் அவளைப் பின்னாலிருந்து பார்க்கிறேன்.

பை இடது தோளில் மட்டும் தொங்குகிறது. இடுப்புப் பெல்ட் பின்பக்கம் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் கீழே.

"ஏட்டி, நில்லு!" மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

ஓடி வந்தாள். "என்னப்பா, சறுக்கிட்டா?"

"பையை எதுக்கு ஒத்தத் தோள்ல மாட்டியிருக்க? தோள் எறங்கிக் கெடக்கு, தெரியுதா? நான் அங்க மூணு வாரமா ஊரைக் கூட்டி, அரிசியைச் சுமந்து, ஒரு பை வாங்கியிருக்கேன். நீ நர்ஸு வேற!"

"பழக்கம்ப்பா. ஸ்கூல்ல இருந்தே இப்படித்தான்."

"எந்தக் கிறுக்கன் பழக்கிவிட்டான்?"

சிரித்துவிட்டாள். "நான் எந்திரிக்கும்போது நீங்க வாசலைத் தாண்டியிருப்பிய. ஜன்னல் வழியா பாப்பேன். பையை இடது தோள்ல போட்டுக்கிட்டு வெறுவெறுன்னு போவிய. திரும்ப மாட்டிய, பஸ்ஸுக்கு நேரமாயிரும்லா. தெரு முக்கு வரைக்கும் உங்க முதுகைத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். பெறகு என் பையை அதே மாதிரி மாட்டிக்கிட்டு, உங்களை மாதிரியே நடந்து ஸ்கூலுக்குப் போவேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் திரும்பிப் பார்த்திருந்தால் பஸ் என்ன கவிழ்ந்தா போயிருக்கும்? அத்தனை வருஷமும் அந்த ஜன்னலில் ஒரு பிள்ளை நின்றது எனக்குத் தெரியாது.

பையைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன். "குனி" என்றேன். குனிந்தாள். பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்தேன். பதினேழு இஞ்ச். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பெல்ட்டின் முடிச்சை அவிழ்த்து, இடுப்பெலும்பில் உட்கார வைத்துப் பூட்டினேன். வலது பட்டையை எடுத்து அவள் கையை நுழைத்து மாட்டினேன். இடது பட்டையை ஒரு விரற்கடை கூடுதலாக இழுத்தேன். நெஞ்சுப் பட்டையைப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளும் மாட்டிவிடாத பையை, அவளுடைய முப்பத்திரண்டாவது வயசில், பெயர் தெரியாத ஒரு மலையில் வைத்து மாட்டிவிட்டேன்.

"கனம் எங்க தெரியுது?"

"இடுப்புல." பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "தோள்ல ஒன்னுமே இல்லப்பா!"

நீங்க முன்னால போங்க என்று வழக்கம்போலச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"இனி நான் முன்னால போறேன். என் முதுகையும் கொஞ்ச நேரம் பாருங்க."

"போலாம் ரைட்" என்றேன். சத்தம் சரியாக வரவில்லை. ரெண்டாவது தடவையும் சொன்னேன்.